கை தூக்காத ஒருத்தி

ஆடித் தபசு அன்றைக்குச் சங்கரன்கோவிலில் யாரும் வீட்டுக்குள் சண்டை போடுவதில்லை. அதற்கு நேரம் இருக்காது. சுமதியும் கோமதிசங்கரும் மட்டும் காப்பி ஆறுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். காரணம், ஒரு லென்ஸ்.

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மதுரையிலிருந்து வாடகைக்கு வந்த கறுப்புப் பெட்டிகள் ஒரு பக்கம் வாயைப் பிளந்து கிடந்தன. அவற்றை ஒட்டியே கனகலட்சுமியின் மஸ்கட் பெட்டிகள், கயிறு கட்டி, பெயர் எழுதி ஒட்டி, புறப்படத் தயாராக நின்றன. கனகலட்சுமி என்கிற கனகு, கோமதிசங்கரின் தங்கை. மூன்று வருஷமாகப் புருஷன் கணேசன் அங்கே, இவள் இங்கே. இப்போதுதான் விசா கைக்கு வந்திருந்தது. இருட்டியதும் கார் ஏறித் திருவனந்தபுரம் போனால், விடிகிற நேரத்தில் விமானம்.

அவள்தான் படத்தின் கதாநாயகியும்.

கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிற புருஷனும் பெண்டாட்டியும், முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்துப் பார்த்து இரண்டு வருஷமாக எடுத்துவரும் படம் அது. எழுதி இயக்குவது சுமதி, ஒளிப்பதிவு கோமதிசங்கர். வெளிநாடு போய்த் திரும்பி வராத புருஷனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. எல்லாம் எடுத்தாயிற்று, கடைசிக் காட்சி ஒன்றுதான் பாக்கி. தவமிருந்த கோமதி அம்பாளுக்குச் சாமி சங்கரநாராயணராக வந்து காட்சி கொடுக்கிற நேரத்தில், தெற்கு ரத வீதி முழுக்கக் கைகள் தலைக்கு மேலே போகும். அந்தக் கைகளுக்கு நடுவே இவள் ஒருத்தி மட்டும் கும்பிடாமல் அம்பாளை முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். 'உனக்கு வந்துட்டான், எனக்கு எங்க?' என்று கேட்கிற முகம். அந்த ஒரு முகத்துக்காகத்தான் சுமதி முழுப் படத்தையும் எழுதியிருந்தாள்.

இன்று தவறினால் அடுத்த ஆடிக்குத்தான் தபசு. கனகு எந்த ஆடிக்கு ஊருக்கு வருவாளோ தெரியாது. ராத்திரி சாமி இரண்டாவது தடவையும் காட்சி கொடுப்பார், ஆனால் அதற்குள் அவள் கார் ஏறிப் போயிருப்பாள்.

"எம்பத்தஞ்சுதான்," என்றான் கோமதிசங்கர். கனத்த லென்ஸ் ஒன்றைக் கைக்குழந்தையைப் போல ஏந்தியிருந்தான். "நான் துணிக்கடை மாடியில நிக்கேன். அங்கன இருந்து இதப் போட்டா கனகு மொகம் மட்டும் பளிச்சுனு நிக்கும். சுத்தி உள்ளதெல்லாம் கரைஞ்சு போயிரும். சினிமான்னா அதாம்ட்டி."

"எனக்குச் சுத்தி உள்ளது கரையக் கூடாதுங்க. அந்தக் கையெல்லாம் வேணும். முப்பத்தஞ்சப் போட்டுக்கிட்டு, கூட்டத்துக்குள்ள, அவ பக்கத்துல நிக்கணும்."

பெரிய எண் தூரத்து முகத்தைக் கிட்டே இழுக்கும். சின்ன எண்ணுக்குக் கிட்டே போய் நிற்க வேண்டும், போனால் முகத்தோடு தெருவும் சேர்ந்து வரும். இத்தனை வருஷத்தில் இருவரும் இந்தச் சண்டையை எத்தனையோ கல்யாண மண்டபத்தில் போட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கெல்லாம் தாலி கட்டியதை எடுக்கத் தவறினால், மாப்பிள்ளையைக் கெஞ்சி இன்னொரு தடவை கட்டச் சொல்லலாம்.

"முப்பத்தஞ்சப் போட்டு மூக்கு முன்னால நின்னா, அவ மொகம் பூரி மாதிரி உப்பித் தெரியும்."

"எம் மொகம் பூரி மாதிரிதான இருக்கு?" என்றாள் கனகு, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே. "யாராவது எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கீங்களா?"

சாமான்களோடு வாடகைக் கடை அனுப்பிவைத்திருந்த ரிஸ்வான் அகமது, இவர்கள் சண்டை ஓயட்டும் என்று இட்லித் தட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தான். மதுரைக்காரன். இந்த ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை. "ரெண்டையும் எடுத்துட்டுப் போவோம்ணே," என்றான். "வேணுங்கிறப்ப மாத்திக்கலாம். அரை நிமிச வேலை."

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் திரும்பினார்கள். "மாத்த முடியாது!"

"ஏன்ணே?"

"சாமி காட்சி கொடுக்கும்போது, வெள்ளாமை செய்யுதவங்க எல்லாம் அவங்க காட்டுல வெளஞ்ச பருத்தி, மொளகா வத்தல், நெல்லுன்னு சப்பரத்து மேல சூறை விடுவாங்க தம்பி," என்றாள் சுமதி. "தெருவே பஞ்சாப் பறக்கும். லென்ஸக் கழத்துன ஓட்டைக்குள்ள ஒண்ணு போனாப் போதும்."

"கேமராவுக்குள்ள இருக்க சென்சார்லயா?" ரிஸ்வான் தட்டைக் கீழே வைத்துவிட்டான். "எங்க மொதலாளி என்னைய உரிச்சுத் தொங்க விட்ருவாருக்கா!"

ஆக, ஒரே ஒரு லென்ஸ்தான். வீட்டில் மாட்டினால் வீட்டுக்குத் திரும்பித்தான் கழற்ற வேண்டும். அது எது என்பதைச் சூரியன் உச்சிக்கு வருவதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

துணிக்கடை மாடிக்கே போய்ப் பார்த்துவிடுவோம் என்றாள் சுமதி. அம்பாள் அதற்குள் தபசு மண்டபத்துக்கு வந்துவிட்டிருந்தாள். வீதியில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. கோமதிசங்கர் மேலே எண்பத்தைந்தை மாட்டிக்கொண்டு நின்றான். கீழே கனகு. அவளுக்கு முன்னால் சுமதியும் ரிஸ்வானும் கூட்டம்போல நின்று கையைத் தலைக்கு மேலே தூக்கினார்கள்.

போன் அடித்தது. "கையக் கொஞ்சம் எறக்குங்க. மொகம் மறையுது."

"ரெண்டு பேரு தூக்குனதுக்கே மறையுதா?" என்றாள் சுமதி. "சாயங்காலம் ஊரே தூக்கும். எல்லாத்தையும் எறக்கச் சொல்லுவீங்களோ?"

மாடியில் கோமதிசங்கர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துத் தெருவை எட்டிப் பார்த்தான். பிறகு போனில் சொன்னான். "அந்த நேரத்துல கையத் தூக்காம நிக்கதுக்கு இந்த ஊர்ல பொறந்தவன் எவனும் கெடையாதுட்டி. சரி. முப்பத்தஞ்சு."

அவன் தோற்றதில் சுமதிக்குச் சந்தோஷம் வரவில்லை. படி இறங்கி வந்தவனின் முகத்தைப் பார்த்ததும், கேமராவையாவது விட்டுக்கொடுத்துவிடுவோம் என்று தோன்றியது. பெட்டியில் இரண்டு கேமரா இருந்தன. கூட்டத்துக்குள் நுழையத் தோதாக, டிபன் பாக்ஸ் அளவில் ஒன்று. இன்னொன்று பெரியது. சுமதி சின்னதைத்தான் மனதில் வைத்திருந்தாள்.

"சின்னதப் போட்டா சாயங்கால வானம் வெளுத்துப் போயிரும், இல்லன்னா கனகு மொகம் கறுத்துப் போயிரும்," என்றான் அவன். "பெரிசு ரெண்டையும் தாங்கும். நம்ம சனத்தோட நெறம் நெறமாவே வரும்."

அது உண்மைதான். "கேமரா உங்க இஷ்டம்," என்றாள். "ஆனா அந்தக் கனத்தக் கையில தூக்கிக்கிட்டு நிக்க முடியாது. அந்த பெல்ட்ட மாட்டிக்கிடுங்க."

அந்த பெல்ட்டில் முதுகிலிருந்து ஒரு கம்பி தலைக்கு மேலே வளைந்து வரும். அதன் நுனியிலிருந்து இறங்கும் கயிற்றில் கேமரா தொங்கும். பாரம் கையில் இல்லாமல் இடுப்பில் இறங்கிவிடும். கோமதிசங்கர் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"தொட்டிலு மாதிரி இருக்கு. இதக் கட்டிக்கிட்டு ரத வீதியில நின்னா, தெரிஞ்சவன்லாம் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். லென்ஸோட துவாரத்தையும் நான் முழுசாத் திறக்க விடமாட்டேன். நாலுல வைக்கப் போறேன். கூட்டம் தள்ளி ஒரு சாண் முன்ன பின்ன போனாலும் மொகம் தெளிவா இருக்கணும்."

"ஆக மொத்தம் கேமரா மட்டும் எனக்கு, மிச்சமெல்லாம் ஒனக்கு. இதுக்குப் பேரு என் இஷ்டமாக்கும்!"

ரிஸ்வான் சிரிப்பை அடக்க பேட்டரியை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டான்.

வெயில் சாயும்போது தெற்கு ரத வீதியில் காற்றுக்கூட நுழைய இடமில்லை. திருவேங்கடம் பக்கமிருந்தும் மேலநீலிதநல்லூர் பக்கமிருந்தும் வந்த சனம், மடியிலும் பையிலும் விளைந்ததை முடிந்து வைத்துக்கொண்டு நின்றது. கனகு மங்கிப்போன நீலச் சேலையில், மண்டபத்தைப் பார்த்து நின்றாள். அவளுக்கு எதிரே ஒரு கை தூரத்தில் கோமதிசங்கர், பக்கவாட்டாக, பெல்ட்டும் கேமராவுமாக. அவன் முதுகோடு ஒட்டி, கூட்டம் தள்ளாமல் பார்த்துக்கொள்ள ரிஸ்வான். மூன்று ஆள் தள்ளிச் சுமதி. அவள் மார்பில் ஒரு சின்னத் திரை தொங்கியது. கையில் லென்ஸின் தெளிவைத் தூரத்திலிருந்தே திருகுகிற ரிமோட்.

கனகு இவளைப் பார்த்துக் கையசைத்தாள். சுமதி ஆள்களை விலக்கிக்கொண்டு போனாள்.

"மதினி, எனக்குப் பயமா இருக்கு."

"என்னட்டி?"

"கை தானாப் போயிரும். பொறந்ததுலருந்து இந்த நேரத்துல கும்பிடாம நின்னதே இல்ல. அதுவும் இந்த வருசம் போயி..." அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. மூன்று வருஷம் இதே மண்டபத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டவள். கேட்டது கிடைத்த வருஷத்தில் முறைத்துக்கொண்டு நிற்கச் சொன்னால்?

தான் கேட்பது நியாயமா என்றுகூடச் சுமதி ஒரு கணம் யோசித்தாள். பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டு, அவர் பையிலிருந்து இரண்டு கைப்பிடி பருத்தியை எடுத்தாள். கனகின் இரண்டு கையிலும் திணித்து மூடினாள்.

"இறுக்கிப் பிடிச்சுக்கோ. கை நெறைஞ்சிருந்தா கும்பிட வராது. பல்லக் கடிச்சுக்கிட்டு நில்லு. நான் சொல்லுத வரைக்கும் விடாத."

"சரி மதினி." பிறகு சிரித்தாள். "சாமி கோவிச்சுக்கிட்டா நீங்கதான் பொறுப்பு."

"நான் பாத்துக்கிடுதேன்."

கோமதிசங்கரும் தங்கையைப் பார்த்து எச்சரித்தான். "ஏட்டி, கை மேல போச்சு, அவ்வளவுதான். ரெண்டு வருசப் பாடு."

எல்லாரும் கனகின் கைகளைப் பற்றியேதான் கவலைப்பட்டார்கள்.

தூரத்தில் சாமி சப்பரம் திரும்பியது. மேளம் நெருங்கியது. சுமதி தன் இடத்துக்குத் திரும்பித் திரையில் கண்ணைப் பதித்தாள். நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பார்த்தால் தன் கையும் போய்விடும். ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

திரையில் கனகின் முகம். சாயங்கால வெளிச்சம் ஒரு கன்னத்தில். பின்னால் ஏராளமான முகங்கள். கோமதிசங்கர் சொன்னது சரிதான், நிறம் நிறமாகவே வந்தது. முகமும் உப்பவில்லை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது காட்சியின் அமைதியிலேயே தெரிந்தது.

வேட்டுச் சத்தம். "சங்கரா! நாராயணா!" என்று ஒரு குரல் கிளம்பி, வீதி முழுவதும் பிடித்துக்கொண்டது. திரையில் கனகைச் சுற்றி முதல் கைகள் எழுந்தன. கனகின் தாடை இறுகியது. கண் இமைக்கவில்லை. சுமதி எழுதியபோது பார்த்த அதே முகம்.

'அப்படியே நில்லு, அப்படியே...'

முகம் சரிந்தது. சேலை மடிப்பு, செருப்பு, தார் ரோடு. ரோட்டில் வந்து விழும் பஞ்சு.

யாரோ இடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். ஒரு நொடியில் நிமிர்த்திவிடுவான். நிமிர்த்தவில்லை. ரோடு இடமும் வலமும் ஆடியது. சுமதி தலையைத் தூக்கினாள்.

கோமதிசங்கர் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி நின்றான். கண்கள் சப்பரத்தின் மேல் இருந்தன. உதடு என்னவோ முணுமுணுத்தது. கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. விழுந்து நொறுங்கியிருக்க வேண்டிய கேமரா, அவன் கேலி செய்த தொட்டிலில் வயிற்றுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏங்க!"

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ரிஸ்வானைப் பார்த்தாள். அவன் இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு குனிந்திருந்தான். யாரோ வீசிய வத்தல் அவன் முகத்திலேயே விழுந்திருந்தது.

மூன்று ஆள் தூரம். முன்னால் நின்ற தடித்த மனிதரின் அக்குளுக்குக் கீழே சுமதி தலையை நுழைத்தாள். கூடை ஒன்று இடுப்பில் இடித்தது. ரிமோட் கையிலிருந்து நழுவி வாரில் தொங்கியது. தலையிலும் தோளிலும் பருத்தி விழுந்தது. போய்ச் சேர்ந்து கேமராவின் கைப்பிடியைப் பற்றி மேலே இழுத்தாள். பெல்ட்டோடு கோமதிசங்கரும் சேர்ந்து ஒரு அடி முன்னே வந்தான். அப்போதும் அவன் கை இறங்கவில்லை.

தெளிவைத் திருக மூன்றாவது கை அவளுக்கு இல்லை. நாலில் வைத்தது நினைவுக்கு வந்தது. ஒரு கை தூரம், ஒரு சாண் முன்னே பின்னே. கனகின் மூக்கிலிருந்து தன் கை நீளத்தை மனதால் அளந்து, அங்கேயே காலை ஊன்றிக் கேமராவை நிமிர்த்தினாள். முகம் வந்தது. தெளிவாக.

ஆனால் கைகள் இல்லை.

கனகைச் சுற்றி எல்லாக் கைகளும் இறங்கிவிட்டிருந்தன. சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தது. சப்பரம் அசையத் தொடங்கியிருந்தது. கனகு மட்டும் பருத்தியை இறுக்கியபடி, சொன்ன சொல் மாறாமல் இன்னும் முறைத்துக்கொண்டு நின்றாள்.

முடிந்துவிட்டது. இரண்டு வருஷம் இந்த ரோட்டோடு போயிற்று. பட்டனை அமுக்கி நிறுத்துவதற்குக்கூடச் சுமதிக்குக் கை வரவில்லை.

அதனால்தான் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

கனகு பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். யாரும் கும்பிடவில்லை என்பதைப் பார்த்தாள். தாடை மெல்லத் தளர்ந்தது. விரல்கள் பிரிந்தன. பருத்தி காலடியில் விழுந்தது. வெறுங்கைகள் இரண்டும், கேட்கலாமா கூடாதா என்று யோசிப்பவளைப் போல நெஞ்சு வரை வந்து நின்றன. பிறகு தலைக்கு மேலே போயின. கும்பிட்டு முடித்த அந்தத் தெருவில், அந்த ஒரு ஜோடிக் கைகள் மட்டும்.

கேமராவின் கனம் சுமதியின் கைகளைக் கீழே இழுத்தது. அந்த நேரத்தில் வேறு இரண்டு கைகள் அவள் கைகளுக்குக் கீழே வந்து கேமராவைத் தாங்கின. கோமதிசங்கரின் கைகள். கனகு கையை இறக்கும் வரை இருவரும் சேர்ந்தே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவன் பெல்ட்டைக் கழற்றவில்லை. கம்பி தலைக்கு மேலே வளைந்து நிற்க, மஸ்கட் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"நான் தூக்கணும்னு தூக்கலட்டி. தெரியல. கை போயிட்டு."

சுமதி கேமராவிலிருந்து பதிவுக் கார்டைக் கழற்றி ரிஸ்வானிடம் கொடுத்தாள். பேசினால் என்ன வந்து விழும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"கனகப் போயி மெரட்டுனேன். நான்..." அவன் குரல் உடைந்தது. "அடுத்த வருசம் நீ வேற ஆள வச்சு எடு. நான் கேமராவத் தொடல."

கனகு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "வந்துருக்கா மதினி? கடைசி வரைக்கும் நான் அம்பாள விட்டுக் கண்ணையும் எடுக்கல, கையும் தூக்கலல்லா? எல்லாம் முடிஞ்சுட்டுன்னு பாத்த பெறகுதான் கும்பிட்டேன். அண்ணன் ஏன் இப்படி உக்காந்திருக்கான்?"

ரிஸ்வான், சிவந்த கண்ணோடு, பதிவைக் கணினியில் போட்டான். கைகள் எழத் தொடங்கும் முகம் வந்தது. ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை. சரிந்தது. ரோடு. செருப்பு. பஞ்சு. கனகு வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணனைப் பார்த்தாள். அவனுக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு முகம் மறுபடி எழுந்து வந்தது. முறைப்பு, பக்கத்தில் திரும்பிய பார்வை, விழுந்த பருத்தி, தனியாக எழுந்த கைகள்.

"இத வெட்டிருங்க மதினி," என்றாள் கனகு பதறி. "கதைக்கு ஆகாதுல்லா? அவ புருசன்தான் வரவே மாட்டான்லா."

சுமதி திரும்ப ஓட்டினாள். இன்னொரு தடவையும் ஓட்டினாள். "கும்பிட்டப்போ என்ன நெனச்ச?"

கனகுக்கு வெட்கமாகிவிட்டது. "முந்தாநேத்து அவுக போன்ல சொன்னாக, ஏர்போர்ட்டுல எந்த வாசல்ல நிப்பேன்னு. அந்த வாசல நெனச்சேன். அவுக நிக்கணுமே, நிப்பாகளான்னு. வேற ஒண்ணும் நெனைக்கல."

நிப்பாகளா? விசா வந்த பிறகும், பெட்டி கட்டிய பிறகும், இவளுக்குள் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது. தான் எழுதிய பெண்ணுக்குக் கோபம் மட்டும் போதும் என்று இரண்டு வருஷமாக நினைத்திருந்தாள் சுமதி. கோபப்பட்டு நின்றவள், ஊரே கும்பிட்டு முடித்த பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு, என்ன செய்வாள் என்று அவள் யோசித்ததே இல்லை. அவள் ஆசைப்பட்ட கைகளின் கூட்டம் கிடைக்கவில்லை. அந்த நஷ்டம் நஷ்டம்தான், இனி எந்தத் தபசிலும் இந்தக் கனகைக் கொண்டு அதை எடுக்க முடியாது. ஆனால் படம் எங்கே முடிய வேண்டும் என்பது இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வெட்ட மாட்டேன்," என்றாள். "இதுதான் கடைசி. இதுக்குப் பெறகு பேரு போட்டுருவேன்."

கோமதிசங்கர் தலையைத் தூக்கினான். "மெய்யாவா சொல்லுத?"

"மெய்யாத்தான். ஆனா ஒங்க மேல உள்ள கோவம் இன்னும் போகல. இன்னும் ரெண்டு நாளு இருக்கும்."

"இருக்கட்டும்," என்றான் அவசரமாக. "ரெண்டு நாள் என்ன, தீவாளி வரைக்கும் இருக்கட்டும்."

வெளியே கார் வந்து நின்றது. எல்லாரும் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கினார்கள். கோமதிசங்கர் கனத்த பெட்டி ஒன்றைத் தோளில் வைத்து வாசல்படி இறங்கும்போது ரிஸ்வான் பின்னாலேயே ஓடினான்.

"அண்ணே, அது லென்ஸுப் பெட்டிண்ணே! அப்படியே அந்த பெல்ட்டையும் கழட்டிக் குடுங்க, நான் ஊருக்குப் போகணும்."

கனகு சிரித்துக்கொண்டே சுமதியைக் கட்டிக்கொண்டாள். அவள் கூந்தலில் பருத்தித் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. சுமதி அதை எடுக்கப் போனாள். பிறகு, மஸ்கட் வரைக்கும் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.